கம்முனு இருப்பது அடக்கமா?

சொல்ல வந்ததை நாமே சொல்லாமல் விடும் சுயதணிக்கை பற்றியும் அதற்கான சொற்கள் பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் எல்லோருக்குமே ஊரும் தொழிலும் மட்டும் தந்திருக்கிறோம்.

எங்க அப்பாரு, ஆத்தா, அம்மா எல்லாருமே "கம்முனு இரு கண்ணு, நமக்கெதுக்குப் பொல்லாப்பு"ன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்தாங்க. கம்முனு இருக்கறது அடக்கமுங்களா, பயமுங்களா?
— கல்லூரி மாணவி, காங்கேயம்

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும் அம்மிணி. பிரித்துப் பார்க்க வள்ளுவர் ஓர் அளவுகோல் தந்திருக்கிறார்: "செல்லிடத்துக் காப்பான் சினங்காப்பான் அல்லிடத்துக் காக்கின்என் காவாக்கால் என்" (301). தன் கோபம் பலிக்கும் இடத்தில் அதைக் காப்பவனே சினத்தைக் காத்தவன். பலிக்காத இடத்தில் காத்தால் என்ன, காக்காவிட்டால் என்ன என்று கேட்கிறார். சினத்துக்குச் சொன்ன இந்த அளவைப் பேச்சுக்கும் வைத்துப் பாருங்கள். தோட்டத்துக்காரர் பண்ணையாளிடம் கடுஞ்சொல் வராமல் பார்த்துக்கொண்டால் அது நாவடக்கம். பண்ணையாள் தோட்டத்துக்காரரிடம் கூலி பாக்கியைக் கேட்காமல் விட்டால் அதை நாவடக்கம் என்று சொல்லத் தகாது.

இலக்கணத்திலும் இந்த வேறுபாடு இருக்கிறது. அடங்கு என்பது தன்வினை, அடக்கு என்பது பிறவினை. ஒடுங்கு, ஒடுக்கு என்பதும் அப்படியே. பெயர்ச்சொல்லாக்கி 'அடக்கம்' என்று சொன்னவுடன் வேறுபாடு கரைந்துவிடுகிறது. தானாக அடங்கியவரும் அடக்கம், பிறரால் அடக்கப்பட்டவரும் அடக்கம். 'அடக்கமான பிள்ளை' என்று ஒருவரைப் பாராட்டுகிறவர்கள், மறுத்துப் பேச அந்தப் பிள்ளைக்கு இடம் இருந்ததா என்று யோசிப்பதே இல்லை.

உங்கள் வீட்டார் சொன்ன 'பொல்லாப்பு' மிகவும் துல்லியமான சொல். பேசினால் என்ன இழப்பு வரும் என்று கணக்குப் போட்டு முடித்தவர் வாயில் வருவது அது. நாசூக்கு, இங்கிதம் ஆகிய சொற்களில் எதிரே இருப்பவர் மனம் நோகக் கூடாது என்ற அக்கறை இருக்கிறது. கமுக்கத்தில் ஒரு திட்டம் இருக்கிறது. தயக்கத்தில் இன்னும் முடிவு ஆகவில்லை. பொல்லாப்பில்தான் முழுக்கவும் தன் பாதுகாப்பு. சுயதணிக்கைக்கு மிக அருகில் நிற்கும் கொங்குச் சொல் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவோம்.

பயப்படுவதில் தப்பொன்றும் இல்லை. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை என்று சொன்னவரும் அதே வள்ளுவர்தான் (428). ஆனால் பயத்துக்கு அடக்கம் என்று பேர் வைத்துவிட்டால், அதை மறுபடி எடுத்துப் பார்க்கவே தோன்றாது. பயம் என்று பேர் வைத்திருந்தால், காரணம் போன பிறகாவது வாயைத் திறப்போம்.

'தணிக்கை' என்பது 'தணி' என்ற வினையிலிருந்து வந்த தூய தமிழ்ச் சொல் என்று மாணவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன். சரிதானே?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கோபிசெட்டிபாளையம்

இல்லைங்க ஐயா. ஒலி ஒற்றுமை ஏமாற்றுகிறது. அரபிலிருந்து உருது வழியாக வருவாய்த் துறைக் கணக்குகளோடு வந்த 'தன்கீஹ்' என்ற சொல்தான் தமிழில் தணிக்கை ஆயிற்று. சரிபார்த்தல், திருத்தம் செய்தல் என்பது அதன் பொருள். சத்தியமங்கலம் தாண்டிச் சாமராஜநகர் போனால் விசாரணைக்குத் 'தனிகெ' என்பார்கள், தெலுங்கில் 'தனிகீ'. மூன்றும் ஒரே சொல். தமிழிலும் முதலில் கணக்குத் தணிக்கைதான். பத்திரிகைக்கும் படத்துக்கும் பிறகு ஏறியது. கூட்டுறவுச் சங்கத்துக்குத் தணிக்கையாளர் வருகிறார் என்றால் இன்றும் யாரும் சினிமாவை நினைப்பதில்லை.

ஆங்கிலச் சொல்லின் கதையும் இதேபோல்தான். பழைய ரோமில் 'சென்சார்' என்பவர் குடிமக்களைக் கணக்கெடுத்துச் சொத்தை மதிப்பிடும் அதிகாரி. அவரே மக்களின் ஒழுக்கத்தையும் கண்காணித்தார். கணக்குப் பார்க்க வந்த சொல், வாயைப் பார்க்கும் சொல்லாக இரண்டு இடத்திலும் தனித்தனியே மாறியிருக்கிறது. திரைப்படத்துக்கான மத்திய வாரியத்தின் பெயர் 1983-லேயே தணிக்கை வாரியம் என்பதிலிருந்து சான்றிதழ் வாரியம் என்று மாறிவிட்டது. பேச்சில் இன்னும் 'சென்சார் போர்டு'தான்.

சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுகிறோம். வாயில் தொகை வராது. இதுவும் தணிக்கையா?
— மாட்டுத் தரகர், பொள்ளாச்சி

'கால் கழுவி வந்தேன்' என்று சொல்வதும் சுயதணிக்கைதானே என்று ஒரு மாணவன் கேட்டான்.
— பள்ளி ஆசிரியை, பெருந்துறை

இரண்டுக்கும் நன்னூலிலேயே இடம் இருக்கிறது. ஒன்றை நேராகச் சொல்லாமல் தகுந்த வேறு சொல்லால் சொல்வது தகுதி வழக்கு; அது இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்று. சொல்லக் கூசுவதைக் 'கால் கழுவி வந்தேன்' என்று மறைத்துச் சொல்வது இடக்கரடக்கல். இறந்தாரை இறைவனடி சேர்ந்தார் என்பது மங்கலம். ஒரு தொழிலார் தமக்குள் மட்டும் பேசிக்கொள்வது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பார்கள் என்று உரைகாரர்கள் காட்டுகிறார்கள். உள்ளே இருப்பதையெல்லாம் சொல்லவைத்துவிடும் பொருளுக்கு எவ்வளவு பொருத்தமான பேர்! துண்டுக்குள் விரல் பிடிப்பது சொல்லே இல்லாத குழூஉக்குறி. வாங்குகிறவர், விற்கிறவர் இருவருக்கும் தொகை தெரிகிறது, சுற்றி நிற்பவர்களுக்குத்தான் தெரியவில்லை. கேட்க வேண்டியவர் காதுக்குச் செய்தி போய்விட்டதால் அது தணிக்கை ஆகாது.

இடக்கரடக்கலிலும் அப்படியே. சொல் மறைகிறது, பொருள் போய்ச் சேர்கிறது. "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்" (அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல்க) என்ற தொல்காப்பியர் அடுத்தே ஒரு விலக்கும் வைத்தார்: நெடுங்காலம் பழகிய சொல்லை மறைக்க வேண்டியதில்லை. ஆட்டுப்பட்டியில் நின்றுகொண்டு புழுக்கை என்று சொல்ல எந்த விவசாயியும் கூசுவதில்லை. சுயதணிக்கையில் பொருளே போய்ச் சேராது. உங்கள் மாணவனிடம் இந்த ஒரு வேறுபாட்டைச் சொன்னால் போதும்.

(நன்னூல் செய்த பவணந்தியாரின் ஊர் உங்கள் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரம் என்று கொங்கு மரபு சொல்கிறது. மாணவர்களை ஒருமுறை அழைத்துப் போகலாம்.)

மங்கலத்தில் மட்டும் ஓர் எச்சரிக்கை. சாதி மாறித் திருமணம் செய்த பிள்ளைகளைக் கொல்வதற்கு 'கௌரவக் கொலை' என்று பேர் வைத்தபோது, கொன்றவர் பார்வையிலான மங்கல வழக்கு செய்தித் தமிழுக்குள் புகுந்துவிட்டது. 'ஆணவக் கொலை' என்று திருத்தியது வெறும் சொல் மாற்றம் என்று நினைத்துவிட வேண்டாம். செய்தவரின் குணம் அந்தச் சொல்லுக்குள் வந்துவிட்டது.

எங்கள் ஊர் வரலாற்றை எழுதி முடித்தேன், 160 பக்கம். படித்துப் பார்த்தால் ஊரில் எல்லோரும் நல்லவர்களாகவே இருக்கிறார்கள்! எதை எங்கே விட்டேன் என்று எனக்கே பிடிபடவில்லை. கண்டுபிடிக்க வழி உண்டா?
— நெசவாளர், பவானி

உண்டு. விட்ட செய்தி தாளில் இருக்காது, ஆனால் விட்ட இடத்தில் வாக்கியம் நெளிந்திருக்கும். கையெழுத்துப் படியைப் பத்து நாள் தொடாமல் வைத்துவிட்டு, வேறு நிற மையோடு உட்காருங்கள்.

முதலில் 'படு' சேர்ந்த வினைகளைத் தேடுங்கள். 'கிணறு மூடப்பட்டது', 'தேர் நிறுத்தப்பட்டது', 'புறம்போக்கு நிலம் பிரிக்கப்பட்டது'. ஒவ்வொன்றையும் வட்டமிட்டு ஓரத்தில் 'யார்?' என்று எழுதுங்கள். தமிழ்ப் பேச்சில் செயப்பாட்டு வினை அவ்வளவாக வராது. "அவங்க மூடிட்டாங்க" என்றுதான் நம் ஆட்கள் சொல்வார்கள். எழுத்தில் அது திடீரென்று பெருகினால், பெரும்பாலும் செய்தவரின் பேரைத் தவிர்க்கத்தான் அங்கே வந்திருக்கிறது.

அடுத்து மேகச் சொற்கள். 'சிலர்', 'சம்பந்தப்பட்டவர்கள்', 'குறிப்பிட்ட சமுதாயத்தினர்', 'விரும்பத்தகாத சம்பவம்', 'அசம்பாவிதம்'. இவற்றில் மோசமானது 'இரு தரப்பினரிடையே மோதல்'. அடிபட்டவர்கள் எந்தத் தெருக்காரர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எல்லோரும் ஒரே தெரு என்றால் நடந்தது மோதல் இல்லை, தாக்குதல்.

மூன்றாவது, பத்துப் பத்து ஆண்டாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் எத்தனை பக்கம் என்று கணக்கெடுங்கள். ஒரு பத்தாண்டுக்குப் பதினைந்து பக்கமும் அடுத்ததற்கு அரைப் பக்கமும் இருந்தால், அந்த அரைப் பக்கத்தில் என்ன நடந்தது என்று ஊரில் வயதானவர்களுக்குத் தெரியும். கடைசியாக, தகவல் சொன்னவர்கள் பட்டியலைத் தெருவாரியாகப் பிரியுங்கள். காலனிக்காரர்களும் பெண்களும் எத்தனை பேர்? வரலாறு எல்லோரையும் நல்லவர்களாகக் காட்டுவதற்கு, ஒரே தெருவில் கேட்டது பாதிக் காரணமாக இருக்கும்.

இப்போது அகப்பட்ட ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எழுத்து போடுங்கள். உண்மை உறுதியாகவில்லை என்று விட்டிருந்தால் 'உ', ஒருவரின் அந்தரங்கம் என்றால் 'ம', சட்டம் என்றால் 'ச', அச்சம் என்றால் 'அ'. முதல் மூன்றும் ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையே. 'அ' போட்ட இடங்களை மட்டும் தனி நோட்டில் எடுத்தெழுதி, யாருக்கு அஞ்சுகிறேன், அவர் என்ன செய்யக்கூடும், இதற்கு முன் அப்படிச் செய்திருக்கிறாரா என்று மூன்று வரி எழுதுங்கள். பாதிக்கு மேல் அங்கேயே கரைந்துவிடும். யாரும் எதுவும் செய்யப்போவதில்லை, சங்கடம் மட்டும்தான். மிஞ்சியவற்றுக்கு ஆவணம் தேடுங்கள். பட்டா, தீர்ப்பு நகல், தேதியோடு செய்தித்தாள். ஆவணம் கிடைத்தால் சேருங்கள். கிடைக்காவிட்டால் பேரை எடுத்துப் பதவியை மட்டும் வைக்கலாம். அதுவும் முடியாது என்றால், 'இந்த ஆண்டு நிகழ்ச்சிகளை இப்பதிப்பில் எழுதவில்லை' என்று முன்னுரையில் ஒரு வரி போட்டுவிடுங்கள். அந்த ஒரு வரியால் படிப்பவருக்கு இடைவெளி தெரிந்துவிடும்.

'ச' பற்றி ஒரு நுணுக்கம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சங்கிதையின் 356-ஆம் பிரிவில், இறந்தவரைப் பற்றி எழுதுவதும் குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் அவதூறாகலாம். உண்மை என்பது மட்டுமே காப்பாற்றாது. அதை வெளியிடுவது பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். ஆகவே ஏன் இந்தச் செய்தி ஊருக்கு வேண்டும் என்று அந்த இடத்திலேயே ஒரு வாக்கியம் எழுதிவையுங்கள்.

எழுத்துப் போட்டு முடிக்கும் முன் ஊர்ப் பெரியவர்களிடம் படியைக் காட்ட வேண்டாம். அவர்கள் அடித்தது எது, நீங்களே விட்டது எது என்று பிறகு பிரிக்க முடியாமல் போகும்.

பாலியல் வழக்குகளில் பெண்ணின் பேரைப் போடாமல் விடுவதும் பத்திரிகைகளின் சுயதணிக்கைதானே?
— வாசகர், பொள்ளாச்சி

இல்லை. அது சட்டத்தின் கட்டளை (சங்கிதையின் 72-ஆம் பிரிவு, குழந்தை என்றால் போக்சோவின் 23-ஆம் பிரிவு). வள்ளுவர் அளவுகோலை வைத்தாலும் பேரை வெளியிடும் வலிமை பத்திரிகையிடமும் காவல்துறையிடமும்தான் இருக்கிறது, ஆகவே அது செல்லிடத்துக் காத்தல். அந்தக் காவல் தவறினால் என்ன ஆகும் என்று உங்கள் ஊருக்கே தெரியும். பொள்ளாச்சி பாலியல் வழக்கில் 2019-இல் புகார் கொடுத்த பெண்ணின் பெயர் அதிகாரத் தரப்பிலிருந்தே வெளியானது; அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது.

பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் தப்புத் தப்பாப் பேசறாருங்க. "பொறுத்துப் போ, பொறுமைதான் பொம்பளைக்கு அழகு"ங்கறாங்க கூட இருக்கற அக்காங்க. நான் பேசாம இருக்கறது பொறுமைங்களா?
— தையல் தொழிலாளி, திருப்பூர்

இல்லைம்மா. பொறுமை என்பது திருப்பி அடிக்க முடிந்தவர் அடிக்காமல் விடுவது. வேலை போய்விடும் என்று நீங்கள் பேசாமல் இருப்பதைப் பொறுமை என்று சொல்லி யாரும் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் பெண்களுக்கு வரும் பாலியல் தொல்லையைத் தடுக்க 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்தக் கம்பெனியிலும் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாகவும் குழுவில் பாதிப் பேராவது பெண்களாகவும் இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் வேண்டும். அதற்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடம் என்றாலோ முதலாளி மேலேயே புகார் என்றாலோ மாவட்ட அளவிலான குழுவிடம் கொடுக்கலாம். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். தொடர்ந்து நடக்கிறது என்றால் கடைசியாக நடந்த நாளிலிருந்து கணக்கு. புகாரை ஆறு படி கொடுக்கச் சொல்கிறது விதி. எழுத வராது என்றால் எழுதித் தர உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அது நடக்கும்போது அவரையோ உங்களையோ வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லியும், மூன்று மாதம் வரை விடுப்புக் கேட்டும் நீங்கள் மனுக் கொடுக்கலாம். உடனடி உதவிக்குப் பெண்கள் உதவி எண் 181.

புகார்கள் வலுவிழப்பது பெரும்பாலும் சொல்லில்தான். "அசிங்கமாப் பேசினாரு", "தப்பா நடந்துக்கிட்டாரு" என்று மட்டும் எழுதினால் எதிர்த் தரப்பு "வேலையைத்தான் திட்டினேன்" என்று சொல்லிவிடும். இங்கே இடக்கரடக்கல் வேண்டாம். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். தேதி, நேரம், எந்த லைன், எந்த மெஷின் பக்கம், யார் கேட்கும் தூரத்தில் இருந்தார்கள் என்பதையும் எழுதுங்கள். எழுத நா கூசினால், கூசுகிறது என்பதையும் சேர்த்தே எழுதலாம். நடந்த அன்றே ஒரு சின்ன நோட்டில் குறித்துவைத்தது, மூன்று மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதுவதைவிடப் பல மடங்கு நிற்கும்.

கிராம சபையில் யாரும் வாய் திறப்பதில்லை. வெளியே டீக்கடையில் எல்லோரும் பேசுகிறார்கள். ஏன்?
— விவசாயி, அவிநாசி

ஜெர்மனியில் எலிசபெத் நோயல்-நோய்மன் என்ற ஆய்வாளர் 1974-இல் இதற்கு 'மௌனச் சுழல்' என்று பேர் வைத்தார். தன் கருத்து சிறுபான்மை என்று நினைப்பவர் பேசமாட்டார். அவர் பேசாததால் அடுத்தவருக்கும் தான் தனியாள் என்று தோன்றும். ஐந்து மணி நேர ரயில் பயணத்தில் எதிரே உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாதவரிடம் இதைப் பேசுவீர்களா என்று கேட்டு அவர் அளந்து பார்த்தார். ஈரோட்டில் ஏறிச் சென்னை போகும் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் டீக்கடை பெஞ்சில் பெரும்பான்மை, சபையில் எல்லோரும் தனியாள்.

சுழலை உடைக்க இரண்டு பேர் போதும். முதல் நாளே ஐந்தாறு பேர் ஒரே மனுவில் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். ஒருவர் படிக்க வேண்டும், அவர் உட்காரும் முன்பே இன்னொருவர் எழுந்து "எனக்கும் இதே கோரிக்கைங்க" என்று சொல்ல வேண்டும். இடையில் பத்து நொடி அமைதி விழுந்தால் கூட்டம் மறுபடி இறுகிவிடும். தீர்மானப் புத்தகத்தில் எழுதிப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான நகல் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், எதற்கு என்று காரணம் கேட்க முடியாது.

அடக்குமுறைக்கு நடுவே எழுதுகிறவர் கொஞ்சம் விட்டுத்தானே ஆக வேண்டும்? அதைக் கோழைத்தனம் என்று சொல்வது சரியா?
— நூலகர், திருச்செங்கோடு

சரியில்லை. ஆனால் விடுவதிலும் இரண்டு வகை உண்டு. ஈரோட்டிலிருந்து வந்த குடிஅரசில் 1933 அக்டோபரில் எழுதிய தலையங்கத்துக்காகப் பெரியாரும், வெளியிட்டவர் என்ற முறையில் அவர் தங்கை கண்ணம்மாளும் சிறை போனார்கள். பிறகு இயக்கத்துக்கே தடை வரும் என்ற நிலையில், பொதுவுடைமைப் பிரசாரத்தை நிறுத்துவதாக 1935-இல் பெரியார் அறிவித்தார். அந்த முடிவு சரியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. வாதம் நடக்க முடிகிறதே, அதற்குக் காரணம் எதை நிறுத்துகிறேன் என்று அவர் வெளியே சொன்னதுதான்.

நெருக்கடி நிலையின்போது 1975 ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெறுமையாக விட்டு அச்சடித்தது. வெட்டு விழுந்திருக்கிறது என்று வாசகருக்குப் புரிந்தது. அதனால்தான் வெற்றிடம் விடுவதையும் அதிகாரிகள் தடுத்தார்கள். தழும்பு தெரிவதைத் தணிக்கை ஒருநாளும் விரும்பாது.

தழும்பு உள்ளே போய்விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் ஊரே சாட்சி. 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பிறகு, தன்னுள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று பெருமாள்முருகன் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எழுத வந்தார். ஆனால் தனக்குள் ஒரு தணிக்கையாளன் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் சோதிக்கிறான் என்று வெளிப்படையாகச் சொன்னார். வெளியே இருந்த தடையை நீதிமன்றம் எடுத்துவிட்டது. உள்ளே உட்கார்ந்தவனை எழுப்ப எந்த உத்தரவும் இல்லை. அவன் இருக்கிறான் என்று வாய்விட்டுச் சொன்னதை நாங்கள் பெரிய துணிச்சலாக மதிக்கிறோம்.

சுயதணிக்கையா, சுயத்தணிக்கையா? ஒற்று மிகுமா?
— அச்சக மெய்ப்புத் திருத்துநர், கரூர்

மிகாது. சுயதொழில், சுயசரிதை போலவே சுயதணிக்கை. 'சுய' வேண்டாம் என்பவர்கள் 'தன்தணிக்கை' என்று எழுதலாம். தற்காப்பு, தற்பெருமை வழியில் முழுப் புணர்ச்சி செய்து 'தற்றணிக்கை' ஆக்கினால் இலக்கணம் தவறாது, ஆனால் படிப்பவருக்குப் புரியாது. சேர்த்தே எழுதுங்கள், நடுவில் இடம் விட வேண்டாம்.